குட்டி ஜப்பானில் மாப்பிள்ளை பார்த்த கதை

சிவகாசிக்குப் போகிறேன் என்று லீவ் லெட்டரை நீட்டினால், "தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கே சார், அதுக்குள்ள பட்டாசா?" என்கிறார் மேனேஜர். பட்டாசு இல்லை சார், பிரிண்டிங் மெஷின் என்றதும் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். ஆசாமி சைடில் பிசினஸ் ஆரம்பிக்கிறானோ என்று சந்தேகம்!

பிசினஸ் எனக்கில்லை, என் மச்சினனுக்கு. விழுப்புரத்தில் பிரஸ் வைத்திருக்கிறான். அவன் அப்பா, அதாவது என் மாமனார், ஒரு டிரெடில் மெஷினையும் நாலு கேஸ் ஈய எழுத்தையும் வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவர். இப்போது எழுத்துக் கேஸ்கள் பரணில். கம்ப்யூட்டர் டேபிள் மேல். டிரெடில் மட்டும் மூலையில் நின்று பில் புத்தகத்துக்கு நம்பர் குத்திக்கொண்டிருக்கிறது. ஆஃப்செட் வேலை வந்தால் மச்சினன் வெளியே கொடுத்து அடித்து வாங்குகிறான். அடிப்பவர் ஒரு லாபம் வைப்பார், நாள் கடத்துவார். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பத்திரிகை கைக்கு வரும். பெண்ணின் அப்பா இவன் கடை வாசலில் நின்று கத்துவார்.

ஆக, சொந்தமாக ஒரு ஆஃப்செட் மெஷின் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. பாங்கில் 15 லட்சம் லோன் சாங்ஷன். மார்ஜினுக்கு அவன் மனைவியின் நகை 22 பவுன் லாக்கரிலிருந்து அடகுக் கடைக்கு இடம் மாறிவிட்டது. மெஷின் நிற்கலாம், வட்டி நிற்காது என்ற பொருளாதார உண்மை அவனுக்கும் தெரியும். அதனால்தான், "நீங்களும் கூட வாங்க மாமா. அக்கவுண்ட்ஸ் ஆளு, நாலு கணக்குக் கேட்பீங்க" என்று கூப்பிட்டான்.

சென்னையில் நான் பொதிகை ஏறினேன். விழுப்புரத்தில் அவன் ஏறினான். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே பழைய ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட மெஷின் கேட்லாக்குகள். அத்தனையிலும் 28க்கு 40 இஞ்ச், நாலு கலர் ராட்சதர்கள். ஆசைக்கு வட்டி கிடையாதே!

விடிந்தும் விடியாத நேரத்தில் சிவகாசி. விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமி. காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம் தென்காசி போகிற வழியில் இங்கேயே தங்கிவிட்டதால் இந்தப் பெயர் என்பது ஸ்தல புராணம். லிங்கத்துக்கு என்ன பிடித்ததோ தெரியாது, தீப்பெட்டிக்கு இந்த வறண்ட காற்று ரொம்பப் பிடித்துவிட்டது. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பின்னாலேயே பட்டாசு வந்தது. இரண்டுக்கும் மேலே ஒட்ட லேபிள் வேண்டுமே? அந்த லேபிளுக்காக வந்ததுதான் அச்சு. முதலில் கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோ, அப்புறம் ஆஃப்செட். வேலைக்காரனாக வந்தவன் வீட்டு மாப்பிள்ளையான மாதிரி, லேபிள் ஒட்ட வந்த தொழில் காலண்டர், டைரி, பாட நோட்டு, சாக்லேட் டப்பா என்று ஊரையே வளைத்துப் போட்டுவிட்டது. இந்த ஊருக்குக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். ஜப்பான் உள்ளே வந்து பார்த்தால், பாதி மெஷின் ஜெர்மனி!

டீக்கடையில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். வேறு ஊரில் காலை ஏழு மணிக்கு சுப்ரபாதம் கேட்கும். இங்கே சந்துக்கு நாலு மெஷின், 'புஸ்… டக், புஸ்… டக்' என்று காற்றை உறிஞ்சித் தாளைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. காற்றில் இங்க் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும். மூன்று சக்கர சைக்கிளில் முருகன், ஏசு, மெக்கா, மூவரும் ஒரே கட்டாக, இன்னும் வெட்டாத ஷீட்டில், சமத்துவமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆடி 18 அன்று பூஜை போட்டுப் புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டார்கள் என்றால், அப்புறம் மார்கழி வரை இந்த ஊரில் மெஷினும் தூங்காது, மெக்கானிக்கும் தூங்க மாட்டான். நாங்கள் போனது ஆனிக் கடைசி. மெக்கானிக் கொஞ்சம் வாய் திறந்து பேசுகிற காலம்.

எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. அறுபதைத் தாண்டியவர். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன லென்ஸ். முதல் வார்த்தையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, பாக்குற கூலி உங்ககிட்ட மட்டுந்தான் வாங்குவேன். விக்கிறவன்கிட்ட கமிஷன் வாங்க மாட்டேன். ரெண்டு பக்கமும் வாங்குனா நான் மெக்கானிக் இல்ல, கல்யாணத் தரகன்."

மச்சினன் மஞ்சள் பையிலிருந்து கேட்லாக்கை எடுத்தான். அண்ணாச்சி அதைத் திறக்கவே இல்லை. "விழுப்புரத்துல என்ன வேலை வருது? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரி ஃபைல், லெட்டர் ஹெட், திருவிழா நோட்டீஸ், தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ்.

"கல்யாணப் பத்திரிகை எத்தன அடிப்பாக?"

"முன்னெல்லாம் ஆயிரம், ரெண்டாயிரம். இப்ப வாட்ஸ்அப்லயே அனுப்பிடறாங்க. முந்நூறு, ஐந்நூறுதான்."

"ஆயிரம்னே வச்சுக்குவோம். மணிக்கு 8,000 ஓடுற மெஷின்ல ஆயிரம் ஓட எம்புட்டு நேரம்?"

அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு வேலை வந்துவிட்டது. "ஏழரை நிமிஷம்" என்றேன்.

"ஏழரை நிமிஷம் ஓட்டுறதுக்கு முன்னாடி பிளேட் மாட்டணும், ரோலர் கழுவணும், இங்க் போடணும், அளவு பாக்கணும். அதுக்கு அரை மணி. ஆக உங்க வேலைக்கு வேகம் முக்கியமில்ல தம்பி. சீக்கிரம் மாட்டி, சீக்கிரம் கழட்டுற மெஷின்தான் முக்கியம். இந்த 28க்கு 40 நாலு கலர் யானையை வாங்கிக் கட்டுனீகன்னா, விழுப்புரத்தோட ஒரு வார வேலையையும் திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள தின்னுட்டு, மிச்ச அஞ்சு நாளும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கும். ஏழரை நாட்டுச் சனி!"

மச்சினன் கேட்லாக்கை மெல்ல மஞ்சள் பைக்குள் திரும்ப வைத்தான். காதல் தோல்வி முகத்தில் தெரிந்தது.

மச்சினன் வேலைக்கு 14க்கு 20 இஞ்ச் வரை தாள் ஓடினால் போதும். நாலு கலர் வேலை எப்போதாவது வந்தால் சிவகாசிக்கே அனுப்பிவிடலாம். இந்த அளவில் கோயமுத்தூரில் ஆட்டோபிரிண்ட் செய்கிற மினி ஆஃப்செட் உண்டு. புதிதாக, கியாரண்டியோடு, கூப்பிடு தூரத்தில் கம்பெனி. பில் புக்கும் லெட்டர் ஹெட்டும் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம் என்றார் அண்ணாச்சி. பத்திரிகைக்கான தடி அட்டையும் ஓட வேண்டும், அச்சு ஒரு மயிரிழை விலகக்கூடாது என்றால், பழைய ஹைடல்பர்க் ஜி.டி.ஓ. பார்க்கலாம். 1972ல் வந்த மாடல். 36க்கு 52 சென்டிமீட்டர் தாள் ஓடுகிற 'ஜி.டி.ஓ. 52' உலகம் முழுக்கச் சின்ன பிரஸ்களில் பல்லவன் பஸ் மாதிரி உழைத்த மெஷின். இப்போது தயாரிப்பில் இல்லை, அதனால் எல்லாமே செகண்ட் ஹாண்ட்தான். அதிலேயே நம்பர் போட்டு, கிழிக்கிற புள்ளிக்கோடும் போடுகிற அட்டாச்மென்ட் வைத்ததும் உண்டு. பில் புக் பிரஸ்ஸுக்கு அது காமதேனு.

சாத்தூர் ரோடு பக்கம் ஒரு புரோக்கரின் குடோன். (பெயர் வேண்டாம், மனிதர் இன்னும் வியாபாரத்தில் இருக்கிறார்.) உள்ளே வரிசையாக மெஷின்கள், ஷாமியானா பந்தலில் மாப்பிள்ளைகள் மாதிரி புதுப் பெயின்ட் வாசனையோடு நின்றன. எங்களுக்குக் காட்டிய ஜி.டி.ஓ. பளபளவென்று சாம்பல் நிறம். முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"ஜெர்மன்ல ஒரு சர்ச்ல இருந்த மெஷின் சார். ஞாயித்துக்கிழமை பிரேயர் ஷீட் மட்டுந்தான் அடிச்சிருக்காங்க. ஒரே ஆபரேட்டர். ஃபாதர் கை!" என்றார் புரோக்கர்.

செகண்ட் ஹாண்ட் கார் எல்லாம் டாக்டர் ஓட்டியதாகவே இருப்பது போல, செகண்ட் ஹாண்ட் மெஷின் எல்லாம் பாதிரியார் ஓட்டியவை போலும்! ஹைடல்பர்க் கம்பெனிக்கும் சர்ச்சுக்கும் ஒரு சம்பந்தம் நிஜமாகவே உண்டு. அதன் ஆதி, 1850ல் ஃபிராங்கெந்தால் என்ற ஊரில் தொடங்கிய ஒரு மணி வார்க்கும் பட்டறை. 1896ல்தான் ஹைடல்பர்குக்குக் குடிபோனார்கள். அதற்காக இந்த மெஷினை பாதிரியார் ஓட்டினார் என்று நம்ப வேண்டியதில்லை.

"கவுண்டரைப் பாருங்க, 90 லட்சந்தான் ஓடியிருக்கு" என்றார் புரோக்கர். அண்ணாச்சி கவுண்டரைப் பார்க்கவே இல்லை. அது ஆட்டோ மீட்டர் மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்குமாம். அவர் குனிந்து, ஆபரேட்டர் நிற்கிற இரும்புப் படியைப் பார்த்தார். அதில் வழுக்காமலிருக்க இருந்த வரிகள் மழுங்கி வழவழவென்று இருந்தன. தாளைக் கவ்வி இழுக்கிற கிரிப்பர் நுனிகள் தேய்ந்திருந்தன. "வாரத்துக்கு ஒரு நா நின்னு இம்புட்டுத் தேய்ச்சாராம் ஃபாதரு. கால்ல செருப்புக்குப் பதிலா அரம் போட்டுருப்பாரு" என்றார் என் காதில்.

அப்புறம் ஸ்க்ரூக்களைப் பார்த்தார். பெயின்ட் ஸ்க்ரூ தலைக்கு மேலேயும், நம்பர் பிளேட் மேலேயும் சேர்த்து அடிக்கப்பட்டிருந்தது. நம்பர் தெரிந்தால் மெஷின் பிறந்த வருஷம் தெரிந்துவிடுமே! கழற்றி, துடைத்து, பழுது பார்த்து, மறுபடி மாட்டின மெஷினில் ஸ்க்ரூ பளிச்சென்று இருக்கும். இது குளிக்காமல் பவுடர் போட்ட கேஸ்.

அடுத்தது சிலிண்டர். இந்த இடத்தில் ஆஃப்செட் சமாச்சாரம் கொஞ்சம். எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது, அவ்வளவுதான் மொத்த ரகசியம். 1796ல் ஜெர்மனியில் செனஃபெல்டர் கல்லின் மேல் கண்டுபிடித்தது. பிளேட்டில் எழுத்து உள்ள இடம் இங்கை ஏற்கும், மற்ற இடம் தண்ணியை ஏற்று இங்கைத் தள்ளிவிடும். பிளேட் நேரே தாளைத் தொடாமல், ரப்பர் பிளாங்கெட்டில் பதிந்து, பிளாங்கெட்டிலிருந்து தாளுக்குப் போனால் அது ஆஃப்செட். இதையும் யாரும் யோசித்துச் செய்யவில்லை. 1904 வாக்கில் அமெரிக்காவில் நியூஜெர்சியில் ரூபெல் என்பவரின் லித்தோ மெஷினில், தாள் ஒன்று தவறிப்போய், அச்சு ரப்பரில் விழுந்து, அடுத்த தாளின் பின்பக்கத்தில் ஏறிவிட்டது. பார்த்தால், நேராக அடித்ததைவிடப் பின்பக்கத்தில் அச்சு சுத்தம்! இத்தனை காலண்டர் முருகனும் அந்த ஒரு தவறின் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்.

ஆக, மெஷினின் உயிர் அந்தச் சிலிண்டர்களில். ரோலர் போனால் சிவகாசியிலேயே ரப்பர் கட்டித் தருவார்கள். பிளாங்கெட் கடையில் கிடைக்கும். சிலிண்டரில் துருப் புள்ளி குழி விழுந்தாலோ, எப்போதோ ஸ்பானர் விழுந்து பள்ளமானாலோ, அந்த இடத்தில் அச்சு காலத்துக்கும் வெளுத்தே விழும். அண்ணாச்சி பேட்டரி லைட்டைச் சாய்த்துப் பிடித்து, கையால் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி, நகத்தால் சிலிண்டரைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கு நாடி பார்க்கிற வைத்தியர் ஞாபகம் வந்தது.

"சிலிண்டர் பரவால்ல. ஓட்டுங்க" என்றார்.

ஓடியது. அண்ணாச்சி திடீரென்று சிலிண்டர் மேலிருந்த கார்டைத் தூக்கினார். நியாயமாக மெஷின் அந்த நொடியே நிற்க வேண்டும். கார்டு திறந்தால் கரண்ட்டை வெட்டுகிற சின்ன ஸ்விட்ச் அதற்காகவே இருக்கிறது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு ஒயரை ஒயரோடு முறுக்கிவிட்டிருக்கிறார்கள்!

"இதென்ன அண்ணாச்சி, ஐம்பது ரூவா ஸ்விட்ச். மாத்திக்கலாம்" என்றார் புரோக்கர்.

"ஐம்பது ரூவா சாமானையே ஒழுங்கா மாட்டாதவன், உள்ள இருக்குற அம்பதாயிரத்து சாமானை மாட்டியிருப்பானா?" என்று வேட்டியை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். மச்சினன் முகம் வெளிறியிருந்தது. எனக்குக் காரணம் புரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மத்தியானம் எண்ணெய் பரோட்டா. விருதுநகர் பக்கத்தில் பரோட்டாவைச் சுடுவதில்லை, எண்ணெயில் குளிப்பாட்டுகிறார்கள். மெஷினுக்கு ஆயில் போதவில்லை என்று காலையெல்லாம் குறை சொன்ன அண்ணாச்சி, பரோட்டாவில் ஒரு குறையும் சொல்லவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே மச்சினன் கேட்டான். "எந்தக் கம்பெனி மெஷின் அண்ணாச்சி ரொம்ப நம்பிக்கையானது? ஜெர்மனா, ஜப்பானா?"

"ரெண்டும் நல்ல மெஷின்தான். ஹைடல்பர்க் நல்ல மெஷின், கொமோரி நல்ல மெஷின், ரியோபி நல்ல மெஷின். நம்ம ஹெச்.எம்.டி.கூட நல்லாத்தான் செஞ்சான்" என்றார். நான் வாட்ச்சைப் பார்த்தேன். அதே ஹெச்.எம்.டி.தான்! கேரளத்தில் களமசேரி ஆலையில் ஆஃப்செட் மெஷினும் செய்தார்கள். "பேரைக் கேட்டு வாங்காதீக தம்பி. ராத்திரி எட்டு மணிக்கு மெஷின் நின்னுபோச்சுன்னா, போன் போட்டா எவன் வருவான், எங்கேருந்து வருவான், சாமான் எந்த ஊர்க் கடையில கிடைக்கும்? இந்த மூணையும் கேட்டு வாங்குங்க. நூறு கிலோமீட்டருக்குள்ள மெக்கானிக் இருந்தா நாலாந்தர மெஷினும் நல்ல மெஷின். இல்லைன்னா ஒண்ணாந்தர மெஷினும் பழைய இரும்பு."

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மான்ரோலண்ட் என்ற ஜெர்மன் ஜாம்பவான் 2011 கடைசியில் திவால் மனு கொடுத்தது. ரியோபி, மிட்சுபிஷி இரண்டின் அச்சு மெஷின் பிரிவுகளும் 2014ல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. கம்பெனிகள் கல்யாணம் செய்துகொள்ளும், காணாமலும் போகும். விழுப்புரத்தில் நிற்கிற மெஷினுக்கு அப்புறம் சென்னையோ பாண்டிச்சேரியோதான் கதி. மச்சினன் அங்கேயே உட்கார்ந்து, கையில் எண்ணெயோடு, பாண்டிச்சேரியில் இரண்டு பிரஸ்காரர்களுக்குப் போன் போட்டு, ஜி.டி.ஓ.வுக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தான். இரண்டு பேரும் ஒரே மெக்கானிக் பெயரைச் சொன்னார்கள். பரோட்டாவில் முதல் தடவையாக அவனுக்கு ருசி தெரிந்தது.

சாயங்காலம் போனது ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பிரஸ். முதலாளி நாலு கலர் பெரிய மெஷின் இறக்கியிருக்கிறார், இடம் போதவில்லை. மூலையில் இருக்கும் சிங்கிள் கலர் ஜி.டி.ஓ. 52ஐக் கொடுத்துவிடலாமென்று யோசனை. நம்பரிங் அட்டாச்மென்ட்டோடு. பார்க்க அழகில்லை. பெயின்ட் உரிந்து, இங்க் அப்பி, நெற்றியில் சந்தனம் குங்குமம் காய்ந்து, பத்து ஆயுத பூஜை பார்த்த முகம். மச்சினன் என்னைப் பார்த்தான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்குடா மாப்ளே" என்று வைத்தேன்.

அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க தாள்ல, நாங்க சொல்ற மாதிரி ஓட்டிக் காட்டணும்."

முதலில் மெல்லிய பில் பேப்பர், அடுத்து தடி அட்டை. இரண்டையும் ஒன்று ஒன்றாக, இரட்டையாக ஓடாமல், தூக்கிக் கொடுத்தது. அப்புறம், தாள் முழுக்க ஒரே சீரான புள்ளிகள் நிரம்பிய ஒரு சாம்பல் பிளேட். சாதாரண வேலையில் தெரியாத கோளாறு இதில் அம்பலமாகிவிடும். கியர் பல் தேய்ந்திருந்தால் பல்லுக்குப் பல் சம தூரத்தில் கோடு கோடாக விழுமாம், சுங்கிடிப் புடவை பார்டர் மாதிரி. தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கோடு இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. "ரோலர் இறுகிப்போச்சு. புது ரப்பர் கட்டணும். விலையில கழிச்சுக்குங்க."

கடைசிப் பரீட்சைதான் சுவாரஸ்யம். 300 தாள் அடித்தார்கள். பிளேட்டைத் தொடாமல், அதே 300 தாளை மறுபடி உள்ளே விட்டு, அடித்ததன் மேலேயே அடித்தார்கள். மெஷின் ஒழுங்கு என்றால் புள்ளி மேல் புள்ளி உட்கார வேண்டும். அண்ணாச்சி கட்டின் நடுவிலிருந்து, மேலேயிருந்து, அடியிலிருந்து என்று இருபது தாளை உருவி, லென்ஸை வைத்துப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒரே புள்ளிதான் தெரிந்தது. "ஒரே புள்ளிதான தெரியுது?" என்றார். "ஆமாம்." "அதான் விஷயம். ரெண்டா தெரிஞ்சா மெஷினுக்குக் கோளாறு, இல்லைன்னா உங்க கண்ணுக்கு."

கார்டைத் தூக்கினார். மெஷின் 'டக்'கென்று நின்றது. இறக்கினார், பட்டனைத் தட்டினார், ஓடியது. மறுபடி தூக்கினார். நின்றது. மச்சினன் மூச்சு விட்டான்.

பேரம் நீண்ட கதை. முதலாளி குறைக்க மாட்டேன் என்றார், காபி வந்தது, கொஞ்சம் குறைந்தது. ரோலருக்காகக் கொஞ்சம், வருஷங்களாக அந்த மெஷினைத் துடைத்துவந்த ஆபரேட்டர் விழுப்புரம் வந்து மூன்று நாள் இருந்து நிறுத்திக் கொடுப்பதற்காகக் கொஞ்சம் என்று முக்கால் லட்சம் குறைந்து படிந்தது. லோன் 15 லட்சமும் தேவைப்படவில்லை. மிச்சத்தில் அந்த நகை முதலில் வீடு திரும்பட்டும் என்றேன். அக்கவுண்ட்ஸ் ஆளாக நான் அந்தப் பயணத்தில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

அட்வான்ஸ் கொடுத்தபிறகு அண்ணாச்சி கேட்டார். "மெஷின் சரி, ஓட்டப்போறது யாரு?"

சென்னையிலிருந்து ஒரு ஆபரேட்டரைப் போடப்போவதாக மச்சினன் சொன்னான்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போவான், திரும்ப மாட்டான். உங்க பழைய ஆளு யாரும் இல்லையா?"

இருக்கிறார். மாமனார் காலத்து டிரெடில்காரர். வயது 54. நாங்கள் எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். இளம் வயதில் தாள் வைக்கிற அவசரத்தில் டிரெடில் வாய்க்குள் போய், வலது கை ஆள்காட்டி விரலின் நுனி கிடையாது. அந்தக் காலத்து டிரெடில்காரர் பத்துப் பேரில் விரலை எண்ணினால் நூறு வராது. காலையில் அந்த ஒயர் முறுக்கின ஸ்விட்ச்சைப் பார்த்து மச்சினன் வெளிறியது அதனால்தான். ஆஃப்செட் வந்தால் தாத்தாவை என்ன செய்வது என்று வீட்டில் ஒரு மாதமாகவே யாரும் வாயைத் திறந்து பேசவில்லை.

"டிரெடில்ல அத்தன வருஷம் தாள் வச்ச கை. தாளோட குணம் அதுக்குத் தெரியும்" என்றார் அண்ணாச்சி. "இங்க ஒரு 20 நாள் அனுப்புங்க. தண்ணிக்கும் இங்குக்கும் பக்குவம் சொல்லித் தாரோம். பெறகு ரெண்டு பேரையும் ஒரே லாரில ஏத்தி விடுறேன்."

அடுத்த வாரம் தாத்தா வந்துவிட்டார், ஒரு டிபன் கேரியரும் ஜமுக்காளமுமாக. முதல் நாள் மெஷினைத் தொடவே இல்லையாம். நாலடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். இரண்டாம் நாள் ஆபரேட்டர் கார்டைத் தூக்கிக் காட்டி, நின்றுவிடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தாத்தா தானும் ஒரு தரம் தூக்கினார். நின்றது. இன்னொரு தரம். நின்றது. பத்துத் தரம் ஆனதும் ஆபரேட்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெரியவரே, போதும்! ஒவ்வொரு தடவையும் நாலு தாள் வேஸ்ட் ஆவுது!"

"இருங்க தம்பி" என்றாராம் தாத்தா, நுனியில்லாத விரலால் கார்டைப் பிடித்துக்கொண்டு. "இன்னும் ஒரே ஒரு தரம்."